பொங்கலுக்குக் கொண்டுபோன ஆறு கோல்ரூட்

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேட்டீர்கள்: "அப்பா, பொங்கலுக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அன்ரியின்ரை கையிலை இருந்து நீங்கள் பரிசைப் பறிச்சனீங்களாமே? மெய்யோ?"

மெய்தான். பறித்தேன்.

யார் சொன்னது என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. ஏழு வருடமாக அந்தக் கதை ஒஸ்லோப் பக்கம் வெஸ்ட்லியிலிருந்து லோறென்ஸ்கூக் வரைக்கும் திரிகிறது. எல்லாரும் நான் பறித்த இடத்திலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்வதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அதில்தான். வாயால் சொல்லத் தொடங்கினால் எனக்குச் சத்தம் கூடிவிடும், உங்கள் அம்மா எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்துவா. அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் அக்காவைக் கொண்டு வாசிப்பியுங்கள். அவள் எங்கேயாவது பிழை பிடித்தால் அவள் சொல்வதே சரி, ஏனென்றால் இது அவளுடைய கதை.

அப்போது உங்கள் அக்காவுக்குப் பத்து வயது. உங்களில் ஒருவர் தள்ளுவண்டியில், மற்றவர் அம்மாவின் வயிற்றில். ரொம்மனில் இதே வீடுதான்.

அந்த வருடம் பள்ளிக்கூடத் தோட்டத்தில் அவளுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்தது. துண்டென்றால் நம்முடைய கட்டில் அளவு. வசந்த காலத்தில் விதை போட்டார்கள். கோடை விடுமுறை வந்ததும் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் லண்டன், கனடா, பாகிஸ்தான் என்று பறந்துவிட்டார்கள். நாங்கள் அந்த வருடம் எங்கேயும் போகவில்லை. அதனால் தண்ணீர் ஊற்றும் முறை பாதி நாள் அவளுக்கே வந்தது. ஓடில்லாத மண்ணிற நத்தைகள் இந்த ஊரில் இருக்கின்றனவே, அவற்றை அவள் கையுறை போட்டுப் பொறுக்கி ஐஸ்கிறீம் டப்பாவில் போடுவாள். முதல் நாள் அருவருத்தாள். பத்தாம் நாள் எண்ணிக்கொண்டே பொறுக்கினாள். ஒருநாள் அறுபத்துமூன்று. அதை நான் ஏன் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறேன் என்றால், அன்று இரவுச் சாப்பாட்டில் அதை அவள் நான்கு தரம் சொன்னாள்.

செப்டெம்பரில் அறுவடை. கரட்டை அவள் வீட்டுக்கு வரும் வழியிலேயே தின்று முடித்துவிட்டாள். உருளைக்கிழங்கு ஒரு வேளைக் கறிக்குக் கண்டது. மிஞ்சியது ஆறு கோல்ரூட். உங்களுக்குத் தெரியும், அந்தக் கிழங்கு கைக்குழந்தையின் தலை அளவு இருக்கும், மேற்பக்கம் ஊதா, உள்ளே மஞ்சள். நோர்வேக்காரர் நத்தார்ப் பண்டிகைக்கு அதை அவித்து மசித்து, உப்பிட்ட ஆட்டு விலாவோடு சாப்பிடுவார்கள். நம்முடைய சனம் அதைக் கடையில் கண்டால் கண்டதாகவே காட்டிக்கொள்ளாது.

"அப்பா, இதைப் பொங்கலுக்கு வைச்சிருப்பம்" என்றாள்.

"ஏன் பிள்ளை? பொங்கலுக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கு."

"தமிழ் ரீச்சர் சொன்னவ, தாங்கள் விளைவிச்சதைச் சூரியனுக்குப் படைக்கிறதுதான் பொங்கல் எண்டு. எங்களிட்டை விளைஞ்சது இதுதானே."

நான் சிரித்துவிட்டேன். இந்தக் கதையில் என்னுடைய பிழைகளையும் எழுத வேண்டும், இது முதலாவது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் என்ன பிழை? ஒன்றுமே இல்லை.

நான் வேலை செய்வது மரக்கறியும் பழமும் வந்து இறங்கும் களஞ்சியத்தில் என்பது உங்களுக்குத் தெரியும். எது எத்தனை நாள் இருக்கும், எதற்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. கோல்ரூட் குளிரையும் ஈரத்தையும் விரும்பும், காற்றுப் பட்டால் சுருங்கும். கட்டிடச் சாமான் கடையில் ஒரு மூட்டை மணல் வாங்கி வந்து, கீழே நம்முடைய சாமான் அறையில், வெளிச்சுவரோடு ஒட்டிய மூலையில் ஒரு பெட்டிக்குள் ஈரமணலைக் கொட்டி ஆறையும் புதைத்தோம். மூட்டையோடு லிப்டுக்குள் நின்றபோது மேல்மாடிச் சோமாலியாக்காரர், பிள்ளைக்கு விளையாடவா என்று கேட்டார். "இல்லை, கோல்ரூட்டுக்கு" என்றாள் உங்கள் அக்கா. கிழமைக்கு ஒருதரம் அவள் கீழே இறங்கிப் போய் மணலில் கைவைத்து ஈரம் பார்த்துவிட்டு வருவாள்.

நத்தாருக்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் களஞ்சியத்தில் எல்லாருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். பக்கத்துப் பண்ணைகளின் சாமான்கள்: மண்ணிறச் சீஸ், தட்டையான ரொட்டி, ஒரு போத்தல் அப்பிள் சாறு, ஒரு சின்னப் போத்தல் தேன். ஒவ்வொன்றிலும் எந்தப் பண்ணை என்று எழுதி ஒட்டியிருந்தது. நான் அந்தப் பையைத் திறக்காமலேயே பக்கத்து வீட்டு நோர்வேக்காரக் கிழவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உங்கள் அக்கா, "ஏன் அப்பா, அது நல்லமில்லையோ?" என்று கேட்டாள்.

"அது அவையின்ரை சாப்பாடு" என்றேன்.

என்ன வாய் எனக்கு! அது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. தேன்கூடவா அவர்களுடைய சாப்பாடு? தேனீ என்ன, பாஸ்போட் பார்த்துத்தான் தேன் வைக்கிறதோ? ஆனால் அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன். இது இரண்டாவது பிழை.

தை பிறந்தது. பொங்கல் விழாவுக்கு யார் யார் என்ன கொண்டுவருவது என்று எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கைபேசிக் குழுவில் பட்டியல் வந்தது. எங்கள் வீட்டுக்குக் காகிதத் தட்டும் கோப்பையும். நான் அதற்குக் கீழே எழுதினேன்: "தட்டு, கோப்பையோடு மகள் வளர்த்த மரக்கறியும் கொண்டு வருகிறோம். படையலுக்கும் ஒரு கறிக்கும்." அதற்குச் சங்கத் தலைவர் உயர்த்திய பெருவிரல் ஒன்றைப் போட்டார். இதைக் கவனியுங்கள். கேட்காமல் கொண்டுபோகவில்லை. கேட்டு, பெருவிரலும் வாங்கிக்கொண்டுதான் போனோம்.

விழாவன்று காலை ஆறையும் மணலிலிருந்து எடுத்தோம். நேற்றுப் பிடுங்கியது போல இறுக்கமாக இருந்தன. அக்கா குளியலறையில் பழைய பற்தூரிகையால் ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவினாள். அம்மாவின் கூடையில் அடுக்கி, நீல மைப் பேனாவால் ஒரு மட்டையில் எழுதிச் செருகினாள்: "இது ஒஸ்லோவில் விளைந்தது." ளகரமா லகரமா என்று என்னிடம் வந்து கேட்டு, நான் சொன்ன பிறகும் புத்தகத்தில் பார்த்துத்தான் எழுதினாள்.

விழா ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில். வெளியே மூடுபனி. சூரியனை அன்று ஒருவரும் காணவில்லை. சுவரோரம் நூற்றுக்கணக்கில் சப்பாத்து. நடுவில் நீள மேசை போட்டுப் பட்டுத்துணி விரித்துப் படையல். வாழைப்பழம், மாம்பழம், தேங்காய், திராட்சை. இரண்டு கரும்பைக் கூடைப்பந்துக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். விமானத்தில் வந்த கரும்பு, தோகையெல்லாம் காய்ந்து நுனி கறுத்திருந்தது. வாழைப்பழச் சீப்பில் ஒவ்வொரு பழத்திலும் கொம்பனி ஒட்டிய நீல ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அதை உரிக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்டிக்கரோடு சூரியனுக்கு!

குசினிக்குப் பொறுப்பாக நின்ற அன்ரியை உங்களுக்கும் தெரியும், பேர் வேண்டாம். கூடையைக் கண்டதும் கையிலிருந்த அகப்பையை நீட்டிக் கேட்டா.

"அண்ணை, உது என்ன?"

"கோல்ரூட். மகள் வளர்த்தது. ஒண்டைப் படையலிலை வைச்சு, மிச்சத்தை ஒரு கறி வைக்கலாம் எண்டு..."

"கறியோ! கறியெல்லாம் எப்பவோ முடிஞ்சுது. ஐயோ அண்ணை, உதை ஆர் தின்னுறது? உது மாட்டுக்குப் போடுறதெல்லே?"

"நான் சாப்பிடுறனான் அன்ரி" என்றாள் உங்கள் அக்கா.

குசினி முழுவதும் சிரித்தது. சிரித்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீ சாப்பிடுவாய் குஞ்சு, நீ இஞ்சை பிறந்தனி. இது அவையின்ரை சாப்பாடு. உதையோ எங்கடை சாமிக்கு வைக்கிறது?" என்றா அன்ரி.

என்னுடைய சொல்லே திரும்பி வந்து என் முகத்தில் விழுந்தது. உங்கள் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கறிக்கு நேரமில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். சமையல் முடிந்துதான் இருந்தது. ஆனால் படையலில் ஒன்றை வைக்க எவ்வளவு நேரம் வேண்டும்? தலைவரிடம் போனேன். அவர் என்னைவிட மூத்தவர், நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்குக் கடிதங்கள் எழுதித் தந்தவர், மரியாதை உண்டு. அவர் என் தோளில் கைபோட்டு ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போனார்.

"தம்பி, கோவிக்காதை. படையலிலை உது இருந்தால் சனம் சிரிக்கும். போட்டோ எடுத்து நெட்டிலை போடுவாங்கள். பிறகு ஒஸ்லோச் சங்கம் கோல்ரூட் வைச்சுப் பொங்கினது எண்டு லண்டன், பாரிஸ் முழுக்கக் கதைப்பாங்கள். உதை உப்பிடி மேசைக்குக் கீழை வைச்சுவிடு."

"சரி அண்ணை" என்றேன்.

அதுதான் மூன்றாவது பிழை, பெரிய பிழை. என்ன சரி? அந்த மண்டபத்தில் அன்று முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். அதில் எத்தனை பேர் தாங்கள் விளைவித்த ஒன்றைக் கொண்டுவந்தவர்கள்? ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு வயது பத்து. அந்த ஆளுடையதைத்தான் மேசைக்குக் கீழே வைக்கச் சொன்னார்கள். சூரியன் என்ன, யாழ்ப்பாணத்துக்கு மட்டும் எழும்புகிறவரோ? ஜூலை மாதம் ஒஸ்லோவில் பதினெட்டு மணித்தியாலம் நின்று அந்தக் கோல்ரூட்டை வளர்த்தது வேறு யார்? இதையெல்லாம் அன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் குனிந்து கூடையை மேசைக்குக் கீழே தள்ளினேன்.

உங்கள் அக்கா அழவில்லை. அந்த மேசையோரம் நிலத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி, பாவாடையை விரித்துக் கூடையை மறைத்துக்கொண்டாள். சிநேகிதிகள் கண்டால் கேட்பார்கள் என்ற வெட்கம். காலையில் பற்தூரிகையால் தேய்த்த பிள்ளை, மத்தியானம் அதை ஒளித்து வைக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் தூணோடு சாய்ந்து நின்றேன்.

பொங்கல் பொங்கியது, கும்பிட்டோம். பிறகு சிறப்பு விருந்தினர் வந்தார். எங்கள் பகுதிச் சபையில் இருக்கும் ஒரு நோர்வேக்காரப் பெண்மணி. கம்பளிக் காலுறையோடு மேடைக்கு ஏறி, பொன்னாடையை வாங்கிப் போர்த்துக்கொண்டு பேசினார். நல்ல மனுசி, அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பொங்கல் அறுவடைத் திருநாள் என்று படித்துவிட்டு வந்திருந்தார். தாங்களும் இந்த நத்தாருக்குப் பகுதியின் முதியோருக்கு விருந்து கொடுத்தபோது எல்லாம் கொர்ட்ரைஸ்ட், அதாவது கிட்ட இருந்து வந்த சாப்பாடு மட்டும்தான் பரிமாறியதாகச் சொன்னார். பிறகு படையல் மேசையைக் காட்டி, ஒரு வஞ்சகமும் இல்லாமல் கேட்டார்: "எவ்வளவு அழகாக இருக்கிறது! இதில் இங்கே விளைந்தது எது?"

தலைவர் மேசையைப் பார்த்தார். வாழைப்பழத்தைப் பார்த்தார். மாம்பழத்தைப் பார்த்தார். கூடைப்பந்துக் கம்பத்துக் கரும்பை அண்ணாந்து பார்த்தார். மண்டபத்தில் ஒரு குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

பிறகு அவருடைய முகம் வெளித்தது. மேடையிலிருந்து இறங்கி நேரே உங்கள் அக்காவிடம் வந்தார். "பிள்ளை, உதைக் கொஞ்சம் தா" என்று காலுக்கு அந்தப்பக்கம் இருந்த கூடையை இழுத்தெடுத்தார். தோளில் கிடந்த சால்வையால் கோல்ரூட்டைத் துடைத்தார். துடைக்க என்ன இருக்கிறது, அவள் காலையிலேயே பளபளவென்று கழுவியதை! மேடைக்குக் கொண்டுபோய், ஒலிவாங்கியைப் பிடித்து, நல்ல நோர்வே மொழியில் சொன்னார்: "எங்கள் சங்கத்துப் பிள்ளைகள் தங்கள் கையால் வளர்த்தவை இவை. இவற்றை எங்கள் அன்பளிப்பாக உங்களுக்குத் தருகிறோம்."

கைதட்டினார்கள் பாருங்கள்! குசினி அன்ரியும் கதவோரம் நின்று அகப்பையை இடுக்கிக்கொண்டு கைதட்டினா. சனம் சிரிக்கும் என்றார்களே, ஒருவரும் சிரிக்கவில்லை. போட்டோ எடுப்பாங்கள் என்று பயந்தவர் இப்போது போட்டோவுக்கு நிமிர்ந்து நின்றார். அவளுடைய மட்டை, தமிழில் எழுதியது, எழுத்துத் தெரியும்படி கமராவின் பக்கம் திருப்பி வைக்கப்பட்டது.

எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது. சூரியனுக்குக் காட்ட வெட்கப்பட்ட சாமானை ஒரு விருந்தாளிக்குக் காட்ட வெட்கம் இல்லை! சொந்தப் பிள்ளை கொண்டுவந்தபோது மாட்டுத்தீனி. வெளியாள் ஒருத்தி கேட்டதும் சங்கத்தின் பெருமை. சங்கத்துப் பிள்ளைகளாம்! எந்தப் பிள்ளைகள்? அறுபத்துமூன்று நத்தை பொறுக்கியது எந்தப் பிள்ளை? அவளை மேடைக்குக் கூப்பிட்டார்களா? கூடை இருந்த இடத்தில் வெறும் தரையைப் பார்த்தபடி, நீட்டிய காலை மடக்காமல் அவள் அப்படியே இருந்தாள்.

நான் நடக்கத் தொடங்கினேன். நான் யோசித்து நடக்கவில்லை, கால் நடந்தது. வெறும் காலுறையோடு அந்த வழுக்குகிற மரத்தரையில், பந்தடிக்கக் கீறிய கோடுகளுக்கு மேலாலே. மேடையில் ஏறிக் கூடையின் ஒரு கைபிடியைப் பிடித்தேன். மற்றக் கைபிடி அந்தப் பெண்மணியின் கையில். என்னுடைய உடைந்த நோர்வே மொழியில் சொன்னேன்:

"மன்னியுங்கள். இது அன்பளிப்பு இல்லை. இது சமைத்து எல்லாருக்கும் போடக் கொண்டுவந்தது. வளர்த்தது என் மகள். நீங்கள் இருங்கள், சமைக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்."

அவர் உடனே விட்டுவிட்டார். "நிச்சயமாக" என்றார். "உங்கள் மகள் எங்கே?" என்றும் கேட்டார். நான் கீழே திரும்பிப் பார்த்தேன். அவள் அந்த இடத்தில் இல்லை.

"என்ன விசர் வேலை செய்யிறாய்!" என்றார் தலைவர் பல்லுக்குள்ளே. ஒலிவாங்கி அதையும் மண்டபம் முழுக்கச் சொன்னது.

குசினிக்குள் போனேன். அன்ரி சுவரோடு ஒதுங்கினா. கோல்ரூட்டின் தோல் தடிப்பு, நல்ல கத்தி வேண்டும். இருந்தது பாண் வெட்டும் கத்தி. மூன்றாவதை உரிக்கும்போது உங்கள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தா. "வீட்டை போய்க் கதைப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்து அரியத் தொடங்கினா. ஐந்தை வெட்டியதும் பானை நிரம்பிவிட்டது. பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைக்கறி. அந்த மின்னடுப்பு சூடேற ஒரு யுகம் எடுத்தது. கொதிக்கும்போது அன்ரி தன்பாட்டில் வந்து, கரண்டியால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னா: "உப்புக் காணாது."

அதற்குள் அந்தப் பெண்மணிக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. குசினி வாசலில் எட்டிப்பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் வந்த தலைவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "வந்த விருந்தாளியை வெறுங்கையோடை அனுப்பிப்போட்டாய். சந்தோசமோ?" நீங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்ட கதை இங்கே பிறந்ததுதான்.

கறியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், சனம் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தது. பரிமாறும் மேசையின் கடைசி மூலையில் பானையை வைத்து, கரண்டியோடு நின்றேன். என்னைக் கடந்து போனவர்கள் பானையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. காகிதத் தட்டு நான் கொண்டுவந்ததுதானே, அது மட்டும் நிறையக் கிடந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பக்கத்தில் ஒரு குரல். "கரண்டியைத் தாங்கோ அப்பா. நான் போடுறன்."

உங்கள் அக்கா. கண் சிவந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கரண்டியை வாங்கினாள்.

முதலில் வந்தவர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர், பிந்தி வந்து அப்போதுதான் தட்டெடுத்தவர். பானைக்குள் குனிந்து பார்த்து, "என்னம்மா இது, நூக்கல் மாதிரி இருக்கே?" என்றார்.

"கோல்ரூட், அங்கிள். நான் வளர்த்தது."

"நீயா வளர்த்த? அட! அப்ப ரெண்டு கரண்டி போடு."

நின்றபடியே சாப்பிட்டார். மறுபடி வந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. பிறகு மட்டக்களப்புக் குடும்பம் ஒன்று, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். பிறகு அக்காவின் வகுப்புத் தோழி ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு அரைக்கரண்டி. மொத்தம் பதினான்கு பேர். முந்நூறு பேரில் பதினான்கு. பானையின் பாதி மிஞ்சியது. அதை நாங்கள் மூன்று நாள் சாப்பிட்டோம், அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவா.

திரும்பி வரும்போது ரெயினில் உங்கள் அக்கா எனக்கு எதிரே இருந்தாள். மடியில் வெறும் கூடை, அதற்குள் மிஞ்சிய ஒரு கோல்ரூட். நான், அவள் என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தகப்பன் மேடையேறி மகளுக்காகப் பேசியிருக்கிறானே!

"ஏன் அப்பா பறிச்சனீங்கள்?" என்றாள்.

"உன்ரை சாமான் பிள்ளை. உன்னைக் கேக்காமல் அவை எடுத்துக் குடுத்தது பிழையெல்லோ?"

"நீங்களும் என்னைக் கேக்கேல்லை. அந்த வெள்ளைக்கார அன்ரிக்கு நானே குடுத்திருப்பன், அவை கேட்டிருந்தால். ஒண்டு அவவுக்கு, மிச்சம் கறிக்கு. ஒருத்தரும் கேக்கேல்லை."

அவர்களில் எனக்கு வந்த கோபம் சரிதான், அதில் ஒரு சொட்டும் நான் குறைக்கப் போவதில்லை. ஆனால் அவள் சொன்னதும் சரி.

கோபம் குறையாததற்குக் காரணமும் உண்டு. அந்தப் பொங்கலுக்குப் பிறகு, பகுதிச் சபையிலிருந்து யாராவது வருகிற வருடங்களில் படையலில் ஒரு தட்டு வைக்கிறார்கள், கரட்டும் உருளைக்கிழங்கும். பக்கத்தில் நோர்வே மொழியில் "உள்ளூர் விளைச்சல்" என்று அச்சடித்த மட்டை. கடையில் வாங்கியவை; நான் வேலைசெய்யும் களஞ்சியத்துப் பெட்டியிலிருந்தே வந்திருக்கவும் கூடும். யாரும் வராத வருடங்களில் அந்தத் தட்டும் இல்லை. போன பொங்கலுக்கு யாரும் வரவில்லை. நீங்களே பார்த்தீர்கள்.

ஒன்றை மட்டும் நான் மாற்றிக்கொண்டேன். நத்தாருக்குக் களஞ்சியத்தில் தரும் பை இப்போது நம்முடைய வீட்டில்தான் திறக்கப்படுகிறது. அந்த மண்ணிறச் சீஸ் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடிக்கவில்லை என்கிறேன்.

ஆறாவது கோல்ரூட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அடுத்த சனிக்கிழமை உங்கள் அக்கா அதைப் புத்தகப் பையில் வைத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். தன்னுடைய பிள்ளைகளை ஏற்ற வந்து நின்ற குசினி அன்ரியிடம் நேரே போய் நீட்டினாள். நான் வாசலடியில் நின்றேன். இந்த முறை ஓரடிகூட நகரவில்லை.

"அன்ரி, இது உங்களுக்கு."

"எனக்கேன் பிள்ளை?"

"நீங்கள் அண்டைக்கு உப்பு மட்டும்தானே பாத்தனீங்கள். சாப்பிடேல்லை."

அன்ரி என்னைப் பார்த்தா, கோல்ரூட்டைப் பார்த்தா. கைப்பைக்குள் வைக்கப் பார்த்தா, அது கொள்ளவில்லை. கடைசியில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பனிக்குள் நடந்து போனா.

நான்கு நாள் கழித்து அவவின் புருஷன் ஒரு ஐஸ்கிறீம் டப்பாவைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். உள்ளே கோல்ரூட் வறை. சீவல் சீவலாகத் துருவி, தேங்காய்ப்பூவும் செத்தல்மிளகாயும் போட்டு, கறிவேப்பிலை மணக்க. உங்கள் அக்கா மேசைக்குக்கூடக் கொண்டுபோகாமல் நின்றபடியே தின்றாள். நானும் ஒரு வாய் எடுத்தேன். என்னுடைய கறியைவிட எவ்வளவோ நல்லது.

இவ்வளவு நன்றாகச் சமைக்கத் தெரிந்தவ அன்றைக்கு ஏன் மாட்டுக்குப் போடுறது என்று சொன்னா? அந்த டப்பாவைக் கழுவும்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது.